பழுது என்று நாம் எழுதிவைத்த பலகை



பழைய மாணவர் ஒருவர் எமது பாடசாலைக்கு அன்பளித்த ராஸ்பெரி பை பலகை எட்டு மாதமாக அலுமாரியில் கிடந்தது. லெப்டொப்போடு கேபிளில் இணைத்துப் பார்த்தோம், பதிலே இல்லை. பதிவேட்டில் "பழுது" என்று எழுதியவர்கள் நாமேதான். சென்ற வாரம் பத்தாம் தர மாணவர் ஒருவர், "சேர், பழுதென்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எம்மிடம் பதில் இருக்கவில்லை. தேடியபோது ஒரு வரலாறே கிடைத்தது.

அந்தக் கேபிள் வழியின் பெயர் ஈதர்நெட். 1973 இல் அமெரிக்காவின் ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் ரொபர்ட் மெட்காஃபும் டேவிட் பொக்ஸும் உருவாக்கியது. அதன் முதல் சோதனை இன்றும் மிக எளிது: கேபிள் செருகும் இடத்தில் சிறு வெளிச்சம் எரிகிறதா? எமதில் எரிந்தது. ஆகவே கம்பியில் குறையில்லை.

அடுத்தது முகவரி. இரண்டு கருவிகள் பேச வேண்டுமானால் இரண்டுக்கும் ஐபி முகவரி வேண்டும். அதைத் தானாகப் பகிர்ந்தளிக்கும் டிஎச்சிபி முறை 1993 இல் வந்தது. வீட்டில் அந்த வேலையை ரவுட்டர் செய்கிறது. வெறும் கேபிளில் அதைச் செய்ய யாருமில்லை. அப்போது விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே சூட்டிக்கொள்ளும். விண்டோஸ் 98 இலிருந்து இந்த வழக்கம். எமது லெப்டொப்பிலும் அதே எண்கள்! எட்டு மாதமாக அது எமக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது: "முகவரி தர ஆளில்லை."

பழைய ரவுட்டர் ஒன்றில் இரண்டையும் இணைத்தோம். ரவுட்டரின் பட்டியலில் பலகையின் முகவரி வந்தது. அதற்கு "பிங்" அனுப்பினோம். பதில் வந்தது! வகுப்பே கைதட்டியது.

இந்த பிங்கை 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் ஒரே மாலையில் எழுதினார். அவரது வலையமைப்பும் அன்று கோளாறு செய்துகொண்டிருந்தது. நீர்மூழ்கிகளைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பார்களே, அந்த ஒலியின் பெயரையே இதற்கு வைத்தார். 2000 இல் வீதி விபத்தில் இறந்துவிட்டார். அவர் எழுதியதை உலகமே இன்றும் பாவிக்கிறது.

ஆனாலும் உள்ளே நுழைய முடியவில்லை; "இணைப்பு மறுக்கப்பட்டது" என்றே வந்தது. நுழையும் வழியான எஸ்எஸ்எச், 1995 இல் பின்லாந்தில் டாட்டு யூலொனன் எழுதியது. அவரது பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதே காரணம். ராஸ்பெரி பை பலகைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் இருந்ததால், 2016 நவம்பரிலிருந்து இந்த வழியை மூடியே தருகிறார்கள். பலகை சாகவில்லை, கதவைப் பூட்டி வைத்திருந்தது. மெமரி கார்ட்டை மீண்டும் எழுதும்போது அந்த அனுமதியை இயக்கினோம். அல்ஹம்துலில்லாஹ், திறந்தது.

இது வெளிநாட்டார் கதை மட்டுமல்ல. 1990 இல் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று தொடங்கிய லேர்ன் வலையமைப்பில் எமது பல்கலைக்கழகங்கள் தொலைபேசிக் கம்பி வழியே மின்னஞ்சல் பரிமாறின. லேர்னின் அலுவலகம் இன்று எமக்குப் பக்கத்தில், பேராதனை வளாகத்திலேயே இருக்கிறது. எமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கேம்பிரிஜில் கணினி படிக்க வரும் மாணவர் குறைந்ததால்தான், பிள்ளைகள் கையால் தொட்டுப் படிக்கட்டும் என்று 2012 இல் ராஸ்பெரி பையை மலிவாக வெளியிட்டார்கள். நாமோ அதை அலுமாரியில் பூட்டினோம்.

உங்கள் பாடசாலையிலோ மத்ரஸாவிலோ இப்படி ஒரு பலகை கிடந்தால் வீசிவிடாதீர்கள். வெளிச்சம், முகவரி, பிங், கதவு என்று வரிசையாகப் பாருங்கள். முடியாவிட்டால் எம்மிடம் கொண்டு வாருங்கள். எமது பத்தாம் தரப் பிள்ளைகள் பார்த்துத் தருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

பதிவேட்டில் "பழுது" என்பதை நேற்று வெட்டிவிட்டோம். கேள்வி கேட்ட மாணவரையே வெட்டச் சொன்னோம்.