நீள்வட்டச் சுற்றுப்பாதை

கோள்கள் சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன. அதன் இரு குவியங்களுள் ஒன்றில் சூரியன் இருக்கிறது. டைக்கோ பிராகே விட்டுச்சென்ற செவ்வாய் அளவீடுகளோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய கெப்ளர் 1609-இல் இதை வெளியிட்டார். காரணம் காந்த விசை என்று அவர் ஊகித்தது நிலைக்கவில்லை.

விடை விழும் பொருளொன்றிலிருந்து தொடங்கியது. உயரத்திலிருந்து விழும் பொருள், பூமி சுழல்வதால் சற்றுக் கிழக்கே விலகும் என்று 1679-இல் நியூட்டன் ராபர்ட் ஹூக்குக்கு எழுதினார். தடையில்லாவிட்டால் சுருள்போலச் சுற்றி மையத்தை அடையும் என்று படமும் வரைந்தார். சுருள் அல்ல, நீள்வட்டம் போன்றது என்று திருத்தினார் ஹூக்.

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தை வைத்து இதைக் கணக்கிடலாம். ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருக்கும் இவ்வூர், பூமியோடு சேர்ந்து விநாடிக்குச் சுமார் 450 மீட்டர் கிழக்கே நகர்கிறது. சுரங்கக் குழியின் வாயில் கைநழுவும் கல்லுக்கும் அதே வேகம் உண்டு. காற்றுத் தடையின்றிச் செங்குத்தாக 1 கி.மீ. விழ 14 விநாடி ஆகும். அதற்குள் தூக்குநூல் காட்டும் இடத்தைவிட்டுச் சுமார் 67 செ.மீ. கிழக்கே போயிருக்கும். பூமியின் நிறை முழுவதும் மையத்தில் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிட்டதாகக் கொண்டால், மோதுவதற்கு எதுவுமில்லை. கல் அந்தப் புள்ளியில் போய் விழாது. சுமார் 10 கி.மீ. தள்ளி அதைச் சுற்றிவந்து, புறப்பட்ட உயரத்துக்கே ஏறிவிடும். மிக மெலிந்த நீள்வட்டம். பூமியின் மையம் அதன் குவியம்.

கோளும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது; அதன் பக்கவாட்டு வேகம் மிகப் பெரிது, அவ்வளவே. ஈர்ப்பும் மையவிலக்கு விசையும் சமமாக இருப்பதால் கோள் சுற்றுகிறது என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். எப்போதும் சமமாக இருந்தால் வட்டம்தான் வரும். பூமி இருக்கும் தொலைவில் வட்டத்துக்கு விநாடிக்கு 29.8 கி.மீ. வேகம் வேண்டும், திசையும் சரியாகச் செங்குத்தாக அமைய வேண்டும். 42.1 கி.மீ. வேகத்தை எட்டினால் கோள் திரும்பாது. மற்ற வேகங்களில் கிடைப்பது நீள்வட்டமே.

பாதை தொடங்கிய இடத்திலேயே வந்து மூடிக்கொள்வதற்குக் காரணம், தொலைவு இருமடங்கானால் ஈர்ப்பு நான்கிலொன்றாகும் என்ற விதி. சூரியனை நெருங்கி, விலகி, மீண்டும் நெருங்க ஆகும் காலமும் ஒரு முழுச்சுற்றுக் காலமும் இந்த விதியில் ஒன்றே. விதி சற்றுப் பிசகினாலும் நீள்வட்டம் மெல்லத் திசைதிரும்பும். புதனின் பாதை, பிற கோள்களின் இழுப்பைக் கழித்த பிறகும் நூற்றாண்டுக்கு 43 விகலை திரும்புகிறது. 1915-இல் ஐன்ஸ்டைன் இதை விளக்கினார்.

நீள்வட்டத்தையும் இந்த ஈர்ப்பு விதியையும் இணைக்கும் நியூட்டனின் நிறுவல் 1687-இல் அவருடைய ‘பிரின்சிப்பியா’ நூலில் வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர், மறைந்த ஆண்டான 1995-இல் வெளியான நூலில் அதை இன்றைய கணிதத்தில் எழுதிக்காட்டினார்.

பூமிப் பாதையின் மையப்பிறழ்வு 0.0167 மட்டுமே, தாளில் வரைந்தால் வட்டமென்றே தோன்றும். ஆனால் பஞ்சாங்கத்தில் அது தெரியும். ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் 14.71 கோடி கி.மீ. தொலைவிலும், ஜூலைத் தொடக்கத்தில் 15.21 கோடி கி.மீ. தொலைவிலும் இருக்கிறது. அருகில் இருக்கும்போது பூமி விரைவதால் சூரியன் தனுசு ராசியைக் கடக்க ஏறத்தாழ 29½ நாளே ஆகிறது. மிதுனத்தைக் கடக்க 31½ நாள். மார்கழி சீக்கிரம் முடிவதும், ஆனி 32 நாள் வரை நீள்வதும் இதனால்தான்.