பின்பாரம்: கேரவன் இழுத்த கதை

இன்றைக்கு ஒரு வண்டிக்குப் பின்னால் இழுபட்டு வருகிற இன்னொரு வண்டியைப் பற்றிப் பேசப்போறோம்.

1885. வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கடற்படை மருத்துவரா இருந்து ஓய்வு பெற்றவர், பையன்களுக்குச் சாகசக் கதை எழுதுகிறவர். பிரிஸ்டலில் இருந்த ஒரு வண்டிப் பட்டறையில், வீடு மாதிரி ஒரு குதிரை வண்டி செய்யச் சொன்னார். பெயர் 'வாண்டரர்'. சக்கரம் வைத்த வீட்டில் ஜிப்சிகளும் சர்க்கஸ்காரர்களும் ஏற்கெனவே இருந்தார்கள், அது பிழைப்பு. சும்மா ஊர் சுற்றவென்றே செய்த முதல் கேரவன் என்று வாண்டரரைத்தான் சொல்வார்கள். இரண்டு குதிரைகள் இழுத்தன. எடை ஏறத்தாழ இரண்டு டன். வேலையாள் ஒருவர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், எதிரே வருகிறவர்களை எச்சரிப்பாராம்! தெற்கே ட்வைஃபோர்டிலிருந்து வடக்கே இன்வர்னெஸ் வரை போய், அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

குதிரைக் காலத்தில் பயமெல்லாம் இறக்கத்தில்தான். பாரம் பின்னாலிருந்து குதிரையைத் தள்ளும். அதற்காகச் சக்கரத்துக்கு அடியில் இரும்புக் கட்டை கொடுத்து, சக்கரம் சுற்றாமல் தரையில் தேய்ந்து வரும்படி இறக்குவார்கள்.

1919-இல் பர்மிங்ஹாமில் எக்கிள்ஸ் என்ற கம்பெனி, காரில் இழுக்கிற கேரவன்களைச் செய்து விற்க ஆரம்பித்தது. வேகம் கூடியதும் ஆபத்தின் முகமே மாறிப்போச்சு. சமதளத்தில், நேரான சாலையில்கூட, கேரவன் பாம்பு மாதிரி இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். ஆங்கிலத்திலும் இதற்கு 'ஸ்நேக்கிங்' என்றுதான் பெயர்.

ஏன் ஆடுது? நம் ஊர் மாட்டுவண்டிக்காரரைக் கேட்டால் பாதி பதில் கிடைக்கும். முன்பாரம் அதிகமானா நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானா நுகத்தடி மேலே தூக்கும். அதனால் மூட்டையை அச்சுக்கு மேல் அடுக்கி, முன்பக்கம் கொஞ்சம் மட்டும் கனம் வைப்பார். கேரவனுக்கும் அதே கணக்கு. மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் காரின் கொக்கி மேல் இறங்கணும் என்பது வழக்கம். 1,400 கிலோ கேரவன் என்றால் 70 முதல் 98 கிலோ. அந்தக் காரும் கொக்கியும் எவ்வளவு தாங்கும் என்ற வரம்பு தனி, அதைத் தாண்டக்கூடாது.

மீதிப் பாதி வேகம். மெதுவாகப் போகும்போது ஆட்டம் தானாக அடங்கிவிடும். ஒரு வேகத்துக்கு மேலே போனால் அடங்காது, ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிசாகும். பின்பக்கம் கனமாக இருந்தால் அந்த எல்லை இன்னும் குறைந்த வேகத்திலேயே வந்துவிடும். ஆட ஆரம்பித்தால் ஸ்டியரிங்கை ஒடித்துச் சரிசெய்யப் பார்க்காதீங்க, பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் குறைய விடணும். உள்ளுணர்வு சொல்றதுக்கு நேர் எதிர் இது. பயிற்சி இல்லாதவருக்கு அந்த நொடியில் இது தோன்றுமா?

பிரிட்டிஷ் அரசும் ஒரு காலத்தில் அப்படித்தான் யோசித்தது. 1997 ஜனவரி 1 முதல் கார் உரிமம் வாங்கியவர்கள், பெரிய கேரவன் இழுக்கணும்னா தனியாக ஒரு தேர்வு எழுதி அல்ல, ஓட்டிக் காட்டித் தேறணும். 2021-இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். கேரவன் இழுப்பது சுலபமாகிவிட்டதா? இல்லை. லாரி ஓட்டுநர் பஞ்சம். லாரித் தேர்வு நடத்த ஆய்வாளர்கள் தேவைப்பட்டார்கள். இந்தத் தேர்வை நிறுத்தினால் அவர்களுடைய நேரம் மிச்சம்.

அந்த டிசம்பர் 16 அன்று என் உரிமத்தில் 3,500 கிலோ வரை இழுக்கிற அனுமதி தானாக வந்து சேர்ந்தது. அதுவரை நான் சாமான் ஏற்றுகிற சின்ன ட்ரெய்லரைக்கூட இழுத்ததில்லை. லாரிப் பஞ்சம் உண்மைதான், கடைகளில் அலமாரி காலியாகக் கிடந்ததை நானே பார்த்தேன். ஆனால் ஒரு தட்டுப்பாட்டின் விலையை வேறொரு சாலையில் போகிறவர்கள் தலையில் வைத்தது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. பயிற்சி எடுப்பது நல்லது என்று அரசு இப்போதும் சொல்கிறது. நான் ஒரு நாள் வகுப்புக்குப் பணம் கட்டிப் போனேன். அங்கே முதல் ஒரு மணி நேரம் காரையே எடுக்க விடவில்லை. சாமானை எங்கே வைப்பது என்பதுதான் பாடம்.