எந்தப் பாரில் எடுத்த கணக்கு?

முத்துக்குளிப்பு என்றால் கடல், முத்து, பாண்டியன் கொற்கை என்றுதான் எழுதுகிறார்கள். அதில் இருந்த கணக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குளிப்பு தொடங்கும் முன்பு பாரிலிருந்து மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பியை எடுப்பார்கள். அதை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்கு மதிப்புப் போடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று அறிவிப்பு வரும். அதை நம்பித்தான் ஏலம் எடுக்கிறவன் கரைக்கு வருவான். அவன் கேட்டாகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மாதிரி எந்தப் பாரில், எந்த வருசம் எடுத்தது?

அதைக் கேட்காதவர்களும் இருந்தார்கள். எதிர்க்கரையில், இலங்கைப் பக்கம், 1905-ல் எட்டுக் கோடிச் சிப்பி அள்ளினார்கள். அந்தக் கணக்கைப் பார்த்து மயங்கிய லண்டன் கம்பெனி ஒன்று 1906-ல் அந்தப் பார்களை 20 வருசக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு சிப்பி இல்லை. கம்பெனி மூழ்கியது. நல்ல வருசத்துக் கணக்கு எல்லா வருசத்துக்கும் ஆகாது. தூத்துக்குடியிலும் 1961-க்குப் பிறகு குளிப்பு நடக்கவில்லை.

சிப்பிக்குக் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியை, பேப்பரில் நம்மைப் பற்றிய கணக்கு வரும்போது நாம் கேட்பதில்லை. அவன் அச்சுப் போட்டுவிட்டான், நாம் நம்பிவிட்டோம்.

2018 மார்ச் 20-ல் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. முதலில் விசாரணை, மேலதிகாரி அனுமதி, அதற்கப்புறம்தான் கைது என்றது. சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்று காட்ட அந்தத் தீர்ப்பில் புள்ளிவிவரம் இருந்தது. 2015-ல் கோர்ட்டுகள் முடித்த வழக்கு 15,638. அதில் விடுதலை 11,024, வாபஸ் 495, தண்டனை 4,119. வெளியே பேச்சு எப்படிப் போனது? "முக்காவாசி பொய்க் கேசு."

நிதானமாகப் பாருங்கள். விடுதலையையும் வாபஸையும் கூட்டினால் 11,519. நூற்றுக்கு 74 வருகிறது, சரிதான். ஆனால் விடுதலை என்றால் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அர்த்தம், குற்றம் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. சாட்சி சொல்ல வேண்டியவன் பண்ணையாரிடம் கூலிக்குப் போகிறவன். வழக்கு வருசக்கணக்காய் இழுக்கிறது. அவன் எத்தனை நாள்தான் தாங்குவான்? 1968-ல் கீழவெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். உயர்நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட பண்ணையார்களை விடுவித்தது. இவர்கள் கணக்குப்படி அதுவும் பொய்க் கேசுதானா? அந்தக் குடிசையும் எரியவில்லையா?

பொய் வழக்கு என்பதற்கு அதே தீர்ப்பில் தனியாகவே ஒரு எண் இருந்தது. 2016-ல் தாழ்த்தப்பட்டோர் தொடர்பான வழக்குகளில் போலீஸ் பொய் என்று முடித்தது 5,347. அந்த வருசம் பதிவானது 40,801. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூற்றுக்குப் பதிமூன்று. அதையும் பொய் என்று சொன்னது போலீஸ்தான். பதிமூன்றை விட்டுவிட்டு எழுபத்துநாலைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

இது உள்ளே வந்துவிட்ட கணக்கு. உள்ளேயே வராதது? உப்பளக் கூலித் தகராறில் அடிபட்ட ஒருவரோடு நானும் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறேன். எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம். "சாதியச் சொல்லி ஏசுனான்யா" என்று அவர் சொல்லச் சொல்ல, "அதெல்லாம் எதுக்குவே, பேசி முடிச்சிக்கிடுங்க" என்று மனு ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எப்.ஐ.ஆர். இல்லையென்றால் டெல்லியில் போடுகிற புத்தகத்தில் அந்த அடி இல்லை. இப்படிப் பத்து ரசீது கொடுத்தால் அந்த மாவட்டத்தில் வன்கொடுமை குறைந்துவிட்டது என்று செய்தி வரும். பயம் விட்டுப் பத்துப் பேர் புகார் எழுதவைத்தால் கூடிவிட்டது என்று வரும். எண்ணுகிறவனே அடிக்கிறவனாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 1995 ஆகஸ்ட் 31-ல் கொடியன்குளத்துக்குள் புகுந்து வீடு வீடாக நொறுக்கியது போலீஸ்தான். குற்றப் புள்ளிவிவரத்தை எழுதுவதும் அதே போலீஸ்தான்.

செத்த கணக்கிலும் இந்த வேலை உண்டு. 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளிகளுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போன சனங்களைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட. மொத்தத்தில் தகராறு இல்லை. மோகன் கமிஷன் அதைப் பிரித்தது: தண்ணீரில் மூழ்கியவர்கள் 11, காயத்தால் இறந்தவர்கள் 6. ஆற்றுக்குள் விரட்டியது யார் என்பதற்குக் கட்டம் இல்லை.

கட்டம் என்றதும் நம் கடற்கரை மாவட்டத்தைச் சொல்லாமல் முடியாது. 2011 கணக்கெடுப்பில் தூத்துக்குடி மாவட்டத்தில் தாழ்த்தப்பட்டோர் நூற்றுக்கு இருபது பேர் என்று இருக்கிறது. மாதா கோயிலுக்குப் போகிற தலித் இந்த இருபதில் இல்லை. 1950-ல் போட்ட குடியரசுத் தலைவர் ஆணை இந்துவுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பவுத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டு அரசுப் பட்டியலில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். அடிக்கிறவன் எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்டுவிட்டு அடிப்பதில்லை. ஆனால் அடிபட்டவருக்கு வன்கொடுமைச் சட்டம் கிடையாது, அதனால் வன்கொடுமைக் கணக்கிலும் அவர் கிடையாது.

2018 தீர்ப்பின் அந்த உத்தரவுகளை 2019 அக்டோபர் 1-ல் உச்ச நீதிமன்றமே திரும்பப் பெற்றது. அதற்கு முன்னே, 2018 ஏப்ரல் 2 பந்தில், நம் சனங்கள் வடநாட்டில் உயிர் கொடுத்திருந்தார்கள். "முக்காவாசி பொய்க் கேசு" மட்டும் இன்னும் டீக்கடையில் நடமாடுகிறது. சொல்கிறவனிடம் கேளுங்கள், எந்த வருசம், எதை எதால் வகுத்தாய் என்று.