வரிக் கணக்கு: கையெழுத்தும் பொறுப்பும்

கனடாவின் டொரண்டோ பெருநகரில், தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்காபரோவின் கடைத்தொகுதிகளில், பிப்ரவரி பிறந்ததும் வருமான வரிக் கணக்கு நிரப்பித் தரப்படும் என்ற தமிழ் அறிவிப்புகள் தென்படத் தொடங்குகின்றன. ஏப்ரல் 30 ஆம் தேதி பெரும்பாலானோருக்குக் கடைசி நாள்.

நிரப்பித் தருபவர் உரிமம் பெற்றவரா என்று கேட்போர் குறைவு. உண்மையில், கட்டணம் பெற்றுப் பிறரது வரிக் கணக்கைத் தயாரிக்க ஒன்ராறியோவில் தேர்வோ உரிமமோ கட்டாயமில்லை. இணையம் வழியாகத் தாக்கல் செய்வோர் கனடா வருவாய் முகமையிடம் பதிவு செய்ய வேண்டும். அங்கு பின்னணி பரிசீலிக்கப்படுகிறதே ஒழிய, வரிச் சட்ட அறிவு சோதிக்கப்படுவதில்லை. அமெரிக்காவில் தேர்வைக் கட்டாயமாக்க வரித்துறை எடுத்த முயற்சியும் 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது.

மாறாக, சிபிஏ எனப்படும் பட்டயத் தொழில்முறைக் கணக்காளர்கள் தேர்வும் பயிற்சியும் முடித்தவர்கள். தவறிழைத்தால் அவர்களது தொழில்முறை அமைப்பு விசாரிக்கும். ஒருவர் அதன் உறுப்பினரா என்பதை எவரும் சரிபார்க்கலாம். எளிய சம்பளக் கணக்குக்கு அவர் தேவையில்லைதான். சொந்தத் தொழிலோ வாடகை வீடோ இருந்தால் நிலைமை வேறு.

ஏனெனில் தவறுக்குப் பொறுப்பு முதலில் கையெழுத்திட்டவருடையது. ஒன்ராறியோவில் இயங்கிய பிஸ்கல் ஆர்பிட்ரேட்டர்ஸ் நிறுவனம், இல்லாத வியாபார நட்டங்களைக் காட்டிப் பலருக்கு வரித் தொகையைத் திரும்பக் கோரியது. அதை நடத்தியவர்களில் ஒருவருக்கு 2016 இல் ஆறாண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் வாடிக்கையாளர்களும் தப்பவில்லை. கடும் கவனயீனத்துக்கான அபராதம், குறைத்துக் காட்டிய வரியில் பாதி. நம்பிக் கையெழுத்திட்டோம் என்ற அவர்களது வாதத்தைப் பெரும்பாலான வழக்குகளில் வரி நீதிமன்றம் ஏற்கவில்லை.