இருநூறும் நூற்று நாற்பத்தைந்தும்: மூளையதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் தொல்லைகளும் மில்லரின் சான்றும்

மூளையதிர்ச்சி ஏற்பட்டு மாதங்கள் கடந்தும் விடாத தலைவலி, கிறுகிறுப்பு, ஓசை தாங்காமை, மறதி, எரிச்சல் ஆகியவற்றின் வரலாற்றை எழுதுவோர் ஹென்றி மில்லரை இரண்டு விதமாகவே கையாண்டு வந்திருக்கிறார்கள். ஒரு சாராருக்கு அவர், நஷ்டஈட்டு ஆசையை அம்பலப்படுத்திய துணிச்சல்காரர். மறு சாராருக்கு, தொழிலாளியின் வலியை நம்ப மறுத்த மேல்தட்டு மருத்துவர். ஆனால் இரு சாராரும் மல்லுக்கு நிற்பது ஒரே எண்ணை வைத்துத்தான்: வழக்கு முடிந்து ஈராண்டுக்குப் பின்னும் முடங்கிக் கிடந்தவர்கள் ஐம்பது பேரில் இருவரே என்ற எண்ணை வைத்து. அதைத் தாங்குவோரும் தகர்ப்போரும் தவறான இடத்தில் நிற்கிறார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம். மில்லரின் முடிவு அந்த ஐம்பது பேரைச் சார்ந்து நிற்கவில்லை. அவர்களுக்கு முன் அவர் எண்ணிக் காட்டிய இருநூறு பேரைச் சார்ந்தே நிற்கிறது.

நியூகாசில் நகரின் நரம்பியல் மருத்துவரான மில்லர், 1961இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸில் மில்ராய் சொற்பொழிவுகளை ஆற்றினார். ‘ஆக்ஸிடென்ட் நியூரோசிஸ்’ என்ற தலைப்பில் அவை அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரு பகுதிகளாக அச்சாயின. வழக்கின் பொருட்டுத் தம்மிடம் பரிசோதனைக்கு வந்த தலைக்காயக்காரர்கள் இருநூறு பேரை அவர் வரிசையாக எடுத்துக்கொண்டார். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரிடம் ஐயத்துக்கு இடமில்லாத நியூரோசிஸ், அதாவது மனம் சார்ந்த கோளாறு, இருப்பதாகக் கண்டார். அதைவிட முக்கியமான இன்னொன்றையும் கண்டார்: காயம் எவ்வளவு லேசோ, நியூரோசிஸ் அவ்வளவு மிகுதி. கடுமையாக அடிபட்டு நெடுநேரம் நினைவிழந்து கிடந்தவர்களிடம் அது அரிது. விளையாட்டிலும் வீட்டிலும் அடிபட்டவர்களிடமும் அது காணப்படுவதில்லை என்றார். மூளைச் சேதம்தான் காரணமென்றால் அடி கூடக் கூடத் தொல்லையும் கூட வேண்டும்; இங்கோ தலைகீழாக இருக்கிறது; ஆகவே காரணம் மூளையில் இல்லை, இழப்பீட்டில் இருக்கிறது. அவருடைய தர்க்கம் முழுவதும் இவ்வளவே. ஐம்பது பேரின் பின்தொடர்வு இந்தத் தர்க்கத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்த முட்டு மட்டுமே.

இந்தத் தலைகீழ் உறவைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

லேசாக அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறி வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் வழக்குப் போடுவதில்லை. போட்டாலும் நிபுணர் பரிசோதனை வரை வழக்கு போவதில்லை. எனவே மில்லரின் அறைக்கு வந்த லேசான காயக்காரர் என்பவர் ஏற்கெனவே தேறாமல் போனவர். கடுங்காயக்காரர் கதை வேறு. தேறினாலும் தேறாவிட்டாலும், கைகால் பலவீனமோ வலிப்போ பேச்சுக் குழறலோ காட்டி அவர் அங்கே வந்தே தீருவார். ஆக ஒரு பக்கம் தொல்லைப்படுவோர் மட்டும் வடிகட்டி வருகிறார்கள். மறுபக்கம் எல்லாரும் வருகிறார்கள். இந்த இரு கூட்டத்தையும் அருகருகே நிறுத்தி விகிதம் பார்த்தால், மூளையின் இயல்பு எதுவாக இருந்தாலும் தலைகீழ் உறவுதான் கிடைக்கும். முன்சீப் கோர்ட் வாசலில் நின்றுகொண்டு ஊரில் எத்தனை அண்ணன் தம்பிகள் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பதைப் போன்றது இது.

இரண்டாவது சிக்கல் இதைவிட ஆழமானது. மில்லர் நியூரோசிஸின் அடையாளமாக அழுத்திச் சொன்னது, தன்னால் வேலை செய்யவே முடியாது என்ற அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கும் வெளியே தெரியும் குறைபாட்டுக்கும் தொடர்பே இராது என்றும் சொன்னார். அதாவது வெளியே தெரியும் குறைபாடு இல்லாமையே நோயறிதலின் ஒரு கூறாகிவிட்டது. அப்படியானால் கடுங்காயக்காரர் தலைவலி என்றால் அது காயத்தின் கணக்கில் சேரும். லேசான காயக்காரர் அதே தலைவலியைச் சொன்னால் அது நியூரோசிஸின் கணக்கில் சேரும். முடிவில் கிடைத்த தலைகீழ் உறவில் எவ்வளவு நோயாளிகளிடமிருந்து வந்தது, எவ்வளவு வரையறையிலிருந்தே வந்தது என்று இன்று பிரித்துச் சொல்ல வழியில்லை. முழுவதும் வரையறையிலிருந்தே வந்தது என்று நான் துணியவில்லை. ஆனால் பெரும்பகுதி அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் குறைவு.

வெளியே தெரியாத குறை என ஒன்று உண்டா என்பது அடுத்த கேள்வி. 1968இல் ஓப்பன்ஹைமர், லேசான மூளையதிர்ச்சிக்குப் பின் வேறு காரணங்களால் இறந்த சிலரின் மூளையிலும் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் சேதத்தைக் கண்டார். மில்லருக்கு எதிராக அடிக்கடி எடுத்து வைக்கப்படும் சான்று இது. நான் இதன் மேல் அதிகம் சாய மாட்டேன். சேதம் இருந்தது உண்மை; உயிரோடு இருந்திருந்தால் அவர்கள் தலைவலி என்று சொல்லியிருப்பார்களா என்பதை அந்தக் கண்ணாடிச் சில்லுகள் சொல்லா.

வலுவான சான்று ஆக்லாந்திலிருந்து வந்தது. 1974இல் குரோன்வாலும் ரைட்சனும் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வில் பயன்பட்ட சோதனை பார்வைக்கு எளியது. ஒலிநாடா ஒற்றை இலக்க எண்களை ஒரே சீராகச் சொல்லிக்கொண்டே போகும். கேட்பவர் ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணோடு கூட்டி விடை சொல்ல வேண்டும். நாடா 3 என்கிறது, 8 என்கிறது. அவர் 11 என்கிறார். அடுத்து 5 வருகிறது. 8உம் 5உம் 13. பிறகு 2, 5உம் 2உம் 7. தான் சொன்ன 11ஐயும் 13ஐயும் உடனே மறந்து, நாடா சொன்ன எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்களுக்கு இடையே 2.4 விநாடி இருக்கும்போது பலரும் சமாளிப்பார்கள். இடைவெளி 1.2 விநாடியாகச் சுருங்கும்போது நலமானவர்களே தடுமாறுவார்கள். மூளையதிர்ச்சி பெற்றவர்கள் நலமானவர்களைவிட முன்னதாகவே தடுமாறினார்கள். பெரும்பாலோரின் மதிப்பெண் சில வாரங்களில் சரியானது. தொல்லை நீடித்தவர்களிடம் அது மெதுவாகவே ஏறியது.

இந்தச் சோதனையை மில்லரின் அறையோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அமைதியான அறை, ஒரே ஒரு ஆள் கேள்வி கேட்கிறார், இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே வாருங்கள் என்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார். அங்கே வேகத்துக்குச் சோதனை இல்லை. அந்த மனிதர் திரும்பிப் போக வேண்டிய பட்டறையிலோ, கூச்சலுக்கு நடுவே நான்கு காரியங்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை செய்ய முடியாது என்ற அவருடைய நம்பிக்கை வெளியே தெரியும் குறைபாட்டோடு பொருந்தாமல் போனதில் வியப்பில்லை. குறைபாடு எங்கே தெரியுமோ அங்கே யாரும் பார்க்கவில்லை. கவலையும் தூக்கமின்மையும் முயற்சிக் குறைவும்கூட இந்த மதிப்பெண்ணை இறக்கும் என்பார்கள். இறக்கும்தான். மதிப்பெண் குறைந்தால் மூளையில் சேதம் உறுதி என்று இங்கே வாதிடவில்லை. ஆலோசனை அறையில் தெரியாததெல்லாம் இல்லாததாகிவிடாது என்பதே வாதம்.

இனி பெல்ஃபாஸ்ட். ரதர்ஃபோர்டும் உடன் பணியாற்றியோரும் 1977இல் வெளியிட்ட ஆய்வு வழக்கறிஞர் அனுப்பியவர்களிடமிருந்து தொடங்கவில்லை. லேசான தலைக்காயத்தால் மூளையதிர்ச்சி பெற்று மருத்துவமனையில் வரிசையாகச் சேர்க்கப்பட்ட 145 பேரிடமிருந்து தொடங்கியது. யார் தேறுவார், யார் வழக்குப் போடுவார் என்பது தெரியாத கட்டத்திலேயே எண்ணிக்கை ஆரம்பமாகிவிட்டது. ஆறு வாரத்தில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஏதாவது ஒரு தொல்லை மிச்சமிருந்தது. ஓராண்டில் பார்க்க முடிந்த 131 பேரில் தொல்லை இருந்தவர்கள் 19 பேர். அந்தப் பத்தொன்பதில் வழக்கில் இருந்தவர்கள் 8 பேர். எஞ்சியோருக்கு வழக்கே இல்லை, தலைவலி இருந்தது.

மில்லரை வெறுப்போர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்தக் கூடாது. அதே பெல்ஃபாஸ்ட் ஆய்வில் ஆறு வாரத்துத் தொல்லைகள் இரண்டு விஷயங்களோடு சேர்ந்து வந்தன. ஒன்று, முதல் 24 மணி நேரத்தில் காணப்பட்ட இரட்டைப் பார்வை, மணம் அறியாமை போன்ற நரம்பியல் குறிகள். மற்றொன்று, விபத்துக்கு முதலாளியையோ முகமற்ற பெரிய நிறுவனத்தையோ குறை சொன்ன மனநிலை. முன்னது மில்லருக்கு எதிர்ச்சாட்சி. பின்னது அவர் கண்டதன் சாயல். ஒரே நோயாளிக் கூட்டத்தில் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. அநியாயம் நடந்துவிட்டது என்ற நினைப்பு தொல்லையை நீட்டிக்கலாம். அதற்காக அந்த நினைப்பும் பண ஆசையும் ஒன்றாகிவிடா. மில்லர் தம் கண்ணில் பட்ட ஒரு மெய்யான தொடர்புக்கு மிகக் குறுகிய காரணம் கற்பித்தார் என்று சொல்வதே நேர்மை.

ஐம்பது பேர் விஷயத்துக்கு இரண்டு வரி போதும். அவர்கள் மூளையதிர்ச்சிக்காரர்களின் மாதிரி அல்லர். மிக வெளிப்படையான நியூரோசிஸ் என்று மில்லரே பொறுக்கி எடுத்தவர்கள். டார்ஷும் ராய்ஸ்டனும் 1985இல் அதேபோன்ற 35 பேரைப் பின்தொடர்ந்தபோது, இழப்பீடு கைக்கு வந்த பின்னும் தேறியவர்கள் சிலரே. இரண்டு முடிவுகளும் நேருக்கு நேர் மோதுகின்றன என்பது உண்மை. ஆனால் எது வென்றாலும், அதைக்கொண்டு படிக்கட்டில் வழுக்கி விழுந்த பள்ளி ஆசிரியையின் தலைவலியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மில்லர் ஐம்பது பேரைப் பற்றிச் சொன்னதை எல்லாருக்கும் நீட்டியது பின்னால் வந்த வாசிப்பின் பிழை. அந்தப் பிழையை எதிர்ப்பாளர்களும் அப்படியே ஏற்றுக்கொண்டு வாதாடினார்கள்.

லிதுவேனியாவின் கௌனாஸ் ஆய்வுகளைக் காட்டி ஓர் ஆட்சேபம் எழலாம். இழப்பீட்டு எதிர்பார்ப்பு குறைந்த அந்நாட்டில், மூளையதிர்ச்சி பெற்றவர்களுக்கும் வேறு சிறு காயம் பட்டவர்களுக்கும் ஓராண்டுக்குப் பின் தலைவலியில் பெரிய வேறுபாடு இல்லை. தொல்லைகள் மூளையதிர்ச்சிக்கே உரிய தனி முத்திரை அல்ல என்பதை இது காட்டுகிறது. அதை மறுக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் தனி முத்திரை இல்லாத தலைவலியும் தலைவலிதான். வழக்குக்காக நடிப்பவர்கள் உண்டே என்ற ஆட்சேபத்துக்கும் பதில் நீளத் தேவையில்லை: உண்டு; எந்த நோயில்தான் இல்லை?

இதற்கெல்லாம் மேலாகக் குணமாகும் வழியைக் கவனிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் வேடும் கிங்கும் நடத்தி 1998இல் வெளியிட்ட சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வில், தலைக்காயம் பட்ட சில நாட்களிலேயே நிபுணர் தொடர்புகொண்டு, இன்னின்ன தொல்லைகள் வரலாம், இப்படிப் படிப்படியாக வேலைக்குத் திரும்பலாம் என்று யாருக்கு விளக்கினாரோ அவர்களுக்கு ஆறு மாதத்தில் தொல்லை குறைவாக இருந்தது. இந்த விளக்கம் யாருடைய வழக்கையும் தீர்த்து வைக்கவில்லை. 2015இல் தாமஸும் குழுவினரும் இளையோரிடம் ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வையும் வழக்கமான ஓரிரு நாள் ஓய்வையும் ஒப்பிட்டார்கள். கூடுதல் ஓய்வால் நன்மை கிட்டவில்லை. அதில் இருந்தவர்கள் கூடுதலான தொல்லைகளையே தெரிவித்தார்கள். முதல் ஓரிரு நாள் அளவான ஓய்வு, பிறகு தொல்லை பெரிதும் கூடாத அளவுக்கு நடையும் வேலையும் என்பதே இன்றைய வழி. இந்த வழியில் நோயாளியை நடத்திச் செல்ல முதலில் அவர் சொல்வதை நம்ப வேண்டும். நம்பாத மருத்துவரிடம் அவர் தன் நோயை நிரூபிப்பதிலேயே காலத்தைக் கழிப்பார். அப்படிக் கழிந்த காலம் எந்த மூளைக்கும் மருந்தாகாது.

மில்லரின் அறிக்கை, வழக்குக்கான பரிசோதனை அறையில் என்ன தெரியும் என்பதற்கு நல்ல சான்று. மூளையதிர்ச்சிக்குப் பின் மனிதர் எப்படி வாழ்கிறார், எப்படித் தேறுகிறார் என்பதற்கு அது சான்றே அல்ல. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் நம் தீர்ப்பாயங்களுக்குச் சான்று எழுதும் மருத்துவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஸ்கேன் சரியாக இருக்கிறது, நரம்பியல் குறை ஏதுமில்லை என்ற இரண்டு வரிகளோடு சான்றை முடிக்காதீர்கள். விபத்து நடந்த வாரத்து மருத்துவமனைச் சீட்டில் நோயாளி என்ன சொன்னார் என்று தேடுங்கள். வேகத்துக்கு வைக்கும் சோதனை ஒன்றையாவது செய்யுங்கள். அதன் பிறகு எழுதுங்கள்.