நின்றுபோன வண்டியும் திருகோணமலை வழிகளும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கப்பல்களையே கண்டனர். போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் ஈறாக அத்துறையை நாடி வந்தோரின் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஆயின், துறையைச் சூழ்ந்த வழிகளில் ஓடிய மோட்டார் வண்டிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரெனத் திணறி, நின்று, மீண்டும் உயிர்பெற மறுத்த வேளையில் அதனை எழுப்பக் கற்றுக்கொண்ட மக்களின் வரலாறே அது.

கொட்டியாரக் குடாவின் ஒரு பக்கம் திருகோணமலை, மறுபக்கம் மூதூர். கடல்வழி குறுகியது, தரைவழியோ நெடியது. கிண்ணியாவில் தொடங்கி மட்டக்களப்புவரை செல்லும் அவ்வழியிற் கழிகளும் மகாவலியின் கிளைகளும் குறுக்கிடுவன. அவற்றை வண்டிகள், கிழக்கிலங்கையார் ‘பாதை’ என வழங்கும் மிதவைகளின்மேல் ஏறியே கடந்தன. கிண்ணியாவில் ஏறத்தாழ 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது 2009ஆம் ஆண்டிலேதான். ஆகவே, பாதைக்கு இறங்கும் சரிவில் ஒரு வண்டி நின்றுபோனால், அது அவ்வண்டியின் சொந்தக்காரருக்கு மட்டும் உரிய தொல்லையன்று. பின்னே வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளி இருக்கலாம்; சந்தைக்குச் செல்லும் மீன்கூடை இருக்கலாம். கராஜ் பல மைல் தொலைவில். சாரதியே வைத்தியராகவும் இருத்தல் வேண்டும்.

அவ்வண்டிகளுள் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் முதன்மையானவை. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கைக்குக் கார் இறக்குமதி பெரிதும் தடைப்பட்டது. புதிது வாராதபோது பழையது சாகவும் இயலாது. பத்தாண்டு ஓடவேண்டிய வண்டி நாற்பதாண்டு ஓடிற்று. அவற்றை ஓட்டியோர் பொறியியல் படித்தவரல்லர்; எனினும் அவர்கள் கையாண்ட முறை எந்தப் பொறியியற் கல்லூரியிலும் ஏற்கத்தக்க ஒழுங்குடையது.

முதலிற் கேட்கப்படும் கேள்வி, வண்டி எவ்வாறு நின்றது என்பதே. விளக்கை அணைத்தாற்போற் சட்டென நின்றதாயின், குற்றம் பெரும்பாலும் மின்சாரத்தில். இருமி இருமி, இழுவை குறைந்து, சிறிது தூரம் தவழ்ந்து நின்றதாயின், பெற்றோல் வருவதிலேதான் தடை. இவ்வொரு கேள்வி தேடலின் பாதியை முடித்துவிடும். கண்டதையெல்லாம் ஒரே வேளையிற் கழற்றிவைத்துவிட்டு, எதனால் வண்டி நின்றது என்பதை இறுதிவரை அறியாது திகைப்போர் அக்காலத்திலும் இருந்தனர், இக்காலத்திலும் இருக்கின்றனர்.

மைனர் வண்டியிற் செவியே முதற் கருவி. திறப்பைத் திருப்பியதும், எஸ்.யூ. என்னும் மின்சாரப் பெற்றோற் பம்பு ‘டிக், டிக்’ என ஒலிக்கும். காபிரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் அவ்வொலி அடங்கும். ஒலி ஓயாது கேட்குமாயின், தாங்கியிற் பெற்றோல் இல்லை, அல்லது குழாயிற் காற்றுப் புகுகின்றது. ஒலியே எழாவிடின், பம்பினுள் மின்தொடர்பை ஏற்படுத்தும் முனைகள் கருகிப் பற்றிக்கொண்டன என்பது பொருள். அதற்குரிய உடனடி மருந்து, செருப்பின் குதியாலோ மரப்பிடியாலோ பம்பை மெல்ல ஒருமுறை தட்டுதல். அறியாதார் அதனை மந்திரம் என்பர். ஒட்டிக்கொண்ட முனைகள் அதிர்ச்சியால் விடுபடுகின்றன, அவ்வளவே.

பம்பு ஒலித்து அடங்கியும் இயந்திரம் எழாதாயின், மின்பொறியை நோக்கவேண்டும். பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதன் நுனியை இயந்திரத்தின் இரும்புக்கு அருகே பிடித்துச் சுழற்றினால், நீலநிறப் பொறி பாயவேண்டும். மஞ்சளாய் மெலிந்து பாய்ந்தால், பொறி பிறக்கும் இடத்திலேயே நோய். பொறியைப் பிளக்குகளுக்குப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, அங்குள்ள முனைகளைத் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்திற் பதினைந்து பங்காக வைப்பர். அளவுகோல் இல்லாதவிடத்துத் தடித்த அட்டைத் துண்டும் உதவிற்று.

திருகோணமலையின் காற்று இதற்குத் தனிப் பாடம் கற்பித்தது. வாடைக்காலத்து மழையில் அம்மூடியின் உட்புறம் ஈரம் படியும். பொறி பிளக்கை அடையாது ஈரத்தின் வழியே கசிந்துவிடும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியாற் துடைத்தல் போதும். கடலுப்போ பற்றரியின் முனைகளைப் பச்சையாகப் பூக்கச் செய்யும். கச்சான் வீசும் மாதங்களிற் கந்தளாய் வழியே வரும் வண்டிக்கு நேர்மாறான துன்பம்: வெப்பத்தாற் குழாயிலேயே பெற்றோல் ஆவியாகிப் பம்பு வெறுமனே அடித்துக்கொள்ளும். அதற்கு ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருப்பதே வழி. ஒரு பருவத்தில் ஈரம் நோய். மறு பருவத்தில் அதுவே மருந்து.

மின்சாரத்தால் இயந்திரத்தை எழுப்பும் கருவி 1912இல் அமெரிக்கக் கடிலாக் வண்டிகளில் வந்துவிட்டதாயினும், பற்றரி இறங்கிய வேளைகளிற் கைப்பிடி இரும்பே கைகொடுத்தது. பெருவிரலைப் பிடியைச் சுற்றிக் கோக்காது, மற்றை விரல்களின் பக்கமாகவே வைத்துச் சுழற்றவேண்டும். இயந்திரம் திருப்பி உதைத்தால், கோத்த விரல் முறியும்.

இவை யாவும் தாங்கியிற் பெற்றோல் உண்டு என்ற நம்பிக்கையின்மேல் எழுந்த அறிவு. பெற்றோலே இல்லாதபோது என்செய்வது? இக்கேள்வி எழுந்த நாட்டிலேதான், சீனன்குடாவிற் பிரித்தானியர் இரு உலகப் போர்களுக்கு இடையே அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் நின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்வது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு தாங்கி பற்றி எரிந்து அழிந்தது. கடற்படைத் தளம் 1957 ஒக்ரோபர் 15இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 99 தாங்கிகள் காட்டினுள்ளே எஞ்சின. அவை கப்பலின் கொதிகலன்களுக்குரிய கறுப்பெண்ணெய்க்காக எழுந்தவை. மைனர் வண்டிக்கு அவ்வெண்ணெயால் யாதொரு பயனும் இருந்ததில்லை.

பெற்றோல் இல்லாக் காலத்தின் முழுச் சோதனை யாழ்ப்பாணத்திலே நேர்ந்தது. 1990இன் பின், போரும் பொருட்தடையும் சூழ்ந்த ஆண்டுகளில், அங்குள்ள பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆதலால், சிறு போத்தலிற் காத்துவைத்த சில துளி பெற்றோலைக் காபிரேற்றரிற் பீச்சி எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயிற் செலுத்தினர். இம்முறை முற்றிலும் புதிதன்று. உலகின் வயல்களிற் பழைய உழவு இயந்திரங்கள் பல பெற்றோலில் எழும்பி, எரியெண்ணெயில் உழுதன. காருக்கு அதனைப் பொருத்தியதே அம்மக்களின் துணிவு. அழுத்தம் குறைந்த பழைய இயந்திரமாதலின் அது தாங்கிற்று; உயர்ந்த அழுத்தமுடைய புதிய இயந்திரம் தட்டுண்டு சிதைந்திருக்கும். விலையும் கொடுக்கவேண்டியிருந்தது: பிளக்கிற் கரி படிந்தது, எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது, வழியெங்கும் புகை. ஆயினும் நோயாளிகள் வைத்தியசாலையை அடைந்தனர்.

2022இல் அக்கேள்வி நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. அவ்வாண்டு சனவரியிலே சீனன்குடாத் தாங்கிகள் 14, 24, 61 எனப் பங்கிடப்பட்டு, இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் இருவரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் உரியவாயின. யூன் இறுதியில், இன்றியமையாச் சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. யூலையில் கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். புதிய வண்டிகளின் இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நின்றிருந்தது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது.

பழைய அனுபவத்தோடு ஒப்பிடுகையில் இம்முறை ஒரு வேற்றுமை இருந்தது. பல நாள் ஓடாது நிற்கும் வண்டியிற் பற்றரி இறங்கிவிடும். அண்மைக் கால வண்டியிற் பம்பு தாங்கியினுள்ளே மூழ்கியிருக்கின்றது. செருப்பின் குதி அதனை எட்டாது. பொறியைக் கணினி ஆள்கின்றது; நோயைக் கேட்டறியக் கராஜில் வேறொரு கணினி வேண்டும். தானே பல் மாற்றும் வண்டியாயின், பின்னின்று தள்ளியும் எழுப்ப இயலாது. கைப்பிடி இரும்பை நுழைக்க அதன் முகப்பில் ஒரு துளைதானும் இல்லை.