பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

எங்க அம்மாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனா எங்க லயத்துல இப்ப நாற்பது வயசைத் தாண்டின பாதிப் பேர் அவங்க கையிலதான் பிறந்தாங்க. பிள்ளைப்பேறு, சுளுக்கு, மாந்தம், பூரான் கடி, எதுன்னாலும் முதல்ல அம்மாயி. அதுக்குப் பிறகுதான் தோட்டத்து டிஸ்பென்சரி.

போன லீவுக்கு வீட்டுக்கு வந்தப்போ, ராகலை வழியா வலப்பனைக்கு வர்ற பஸ்ஸில இருந்து ஒரு போர்டைப் பார்த்தேன். சீன அக்குபங்சர் வைத்தியம். வைத்தியரோட பெயருக்குப் பின்னால ஏழெட்டு எழுத்து. அந்த எழுத்தெல்லாம் யார் கொடுக்கிறாங்க? எத்தனை வருஷம் படிச்சா கிடைக்கும்? அம்மாயி பெயருக்குப் பின்னால மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல? இந்தக் கேள்வியோட தேட ஆரம்பிச்சு, 1929 என்ற வருஷத்துல வந்து நின்னேன்.

அந்த வருடம் பெப்ரவரியில் சீனாவின் அன்றைய தலைநகர் நான்ஜிங்கில் மத்திய சுகாதாரக் குழு கூடியது. ஜப்பானில் நவீன மருத்துவம் படித்துத் திரும்பிய யூ யுன்ஷியு என்பவர், பழைய வைத்தியத்தைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று ஒரு பிரேரணை கொண்டுவந்தார். இருக்கிற வைத்தியர்களைப் பதிவு செய்வது, பள்ளிகளைத் தடை செய்வது என்பதுதான் அதன் வழி. கவனிச்சுப் பாருங்க. யாரையும் ஜெயில்ல போடத் தேவையில்ல. படிக்கிற இடத்தை மூடினாலே ஒரு தலைமுறையில எல்லாம் முடிஞ்சிடும். மார்ச் 17 அன்று பல மாகாணங்களில் இருந்து வைத்தியர்களும் மருந்துக்கடைக்காரர்களும் ஷாங்காயில் கூடி எதிர்த்தார்கள். திட்டம் நிறைவேறவில்லை. அந்த நாளே பிறகு தேசிய மருத்துவ நாளாக நினைவுகூரப்பட்டது.

ஆனால் எதிர்ப்பு மட்டும் ஒரு வைத்தியத்தைக் காப்பாற்றாது. வைத்தியர் என்றால் யார் என்பதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். 1956இல் பீஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் சீன மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. இன்று அங்கே அடிப்படைப் பட்டம் ஐந்து வருடம். அதற்கு மேல் முதுகலையும் கலாநிதிப் பட்டமும் இருக்கின்றன. அதோடு குருவிடம் படித்தவர்களையும் முழுதாகக் கைவிடவில்லை. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சீன மருத்துவச் சட்டத்தின்படி, குருவிடம் கற்றவரும் நீண்டகால அனுபவம் உள்ளவரும், குறைந்தது இரண்டு வைத்தியர்களின் பரிந்துரையோடு மாகாண மட்டத் தேர்வில் தேறினால் வைத்தியராகலாம்.

இனி நம்ம நாட்டுக்கு வருவோம். சீனாவில் மூடச் சொன்ன அதே 1929இல், ஜூன் 10 அன்று கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1941இல் சுதேச வைத்தியக் கட்டளைச் சட்டம் வந்தது. 1961இல் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் 'ஆயுர்வேதம்' என்ற சொல்லுக்குள்ளேயே சித்தமும் யுனானியும் அடங்கும். அதன் கீழ்தான் ஆயுர்வேத மருத்துவ சபை வைத்தியர்களைப் பதிவு செய்கிறது. முறிவு, விஷக்கடி, கண் என்று ஒரு துறையில் மட்டும் பரம்பரையாகத் தேர்ந்தவர்களுக்கும் அங்கே தனி இடம் உண்டு.

1977இல் அந்தக் கல்லூரி கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சித்த மருத்துவத்துக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984இலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் 2008இலும் அலகுகள் தொடங்கின. பி.எஸ்.எம்.எஸ். பட்டம் ஐந்து வருடப் படிப்பு, பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி.

அளவுகோல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. 1970களில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய சீனாவில் அக்குபங்சர் கற்று வந்து, களுபோவில அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை தொடங்கினார். பல நாடுகளில் இருந்து ஆட்கள் வந்து படித்தார்கள். அவரது முயற்சியில் உருவான, மாற்று மருத்துவத்துக்கான 'திறந்த சர்வதேசப் பல்கலைக்கழகம்' கலாநிதிப் பட்டம் வரை வழங்கியது. ஆனால் அது 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழகம் அல்ல. அதே எழுத்துகள்தான், அதே ஃபிரேம்தான். நோயாளிக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

இதுல நாங்க எங்க இருந்தோம்?

1872இல் பிரிட்டிஷ் அரசு, தோட்டப் பகுதிகளில் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்வதற்காக ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது. கோப்பித் தோட்டத்துக்கு உழைக்கும் உடம்பு தேவைப்பட்டது, அதனால் வைத்தியமும் தேவைப்பட்டது. நாங்க 'டொக்டர் ஐயா'ன்னு கூப்பிட்டவர் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். படித்தவர் இல்ல, டிஸ்பென்சர்தான். அவர் துண்டு எழுதித் தந்தால்தான் சுகமில்லாத நாளுக்கு லீவு.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1961இல் வைத்தியர் பதிவுக்குப் புதிய சட்டம் வந்தபோது, நம்ம ஆட்களில் பெரும்பாலானோருக்கு நாட்டின் பிரஜைகள் பதிவிலேயே பெயர் இல்ல. ஆயுர்வேதச் சட்டம் நம்மைத் தள்ளி வச்சதுன்னு நான் சொல்லல. ஆனா குரு யார், பரம்பரை எதுன்னு நிரூபிக்கக் காகிதம் வேணும், கந்தோருக்குப் போய் வர ஒரு நாள் பேரை விடணும், அங்க பேச மொழி தெரியணும். எனக்குத் தெரிஞ்சு அம்மாயி பெயர் ஒழுங்கா எழுதப்பட்ட ஒரே பதிவேடு தோட்டத்துச் செக்ரோல்.

அப்ப பட்டமே வேணாம், அனுபவம் போதும்னு முடிச்சிடலாமா? எனக்கும் அப்படி எழுத ஆசைதான். அம்மாயிதான் விடல. ஒரு ராத்திரி ஒரு பொண்ணுக்குப் பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் நிக்கலையாம். கம்பளியில கட்டி ரோட்டு வரைக்கும் தூக்கிட்டுப் போனாங்களாம். ரோட்டுக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லையாம். "எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் சாமி. படிச்சிருந்தா என்ன செய்யணும்னு தெரிஞ்சிருக்கும்"னு சொன்னாங்க. பெயருக்குப் பின்னால எழுத்து எதுக்குன்னு இதைவிட யாரும் எனக்குத் தெளிவா சொல்லல.

அதனால தரம் வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வராது. என் கேள்வி வேற. அந்தத் தரத்தை எட்டுற படி நம்ம பக்கத்துல எங்க இருக்கு? சித்த மருத்துவத்துக்குப் போக ஏ.எல்.-ல உயிரியல் படிச்சிருக்கணும். நுவரெலியா மாவட்டத்தில் தமிழில் அந்தப் பிரிவு நடக்கிற பாடசாலைகள் குறைவு. நான் ஆர்ட்ஸ் எடுத்தது ஆசையால மட்டும் இல்ல. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல சயன்ஸ் பிரிவே இல்ல. 1929இல் நான்ஜிங்கில் பள்ளிகளை மூடச் சொல்லிச் சட்டம் போடப் பார்த்தார்கள். இங்கே எதையும் மூடத் தேவைப்படவில்லை, திறக்காமலே விட்டாலே போதுமாக இருந்தது.

அம்மாயிக்கு இப்ப எண்பத்திரண்டு வயசு. இந்த லீவுல அவங்க சொல்ற மருந்துகளை ஒரு கொப்பியில எழுத ஆரம்பிச்சிருக்கேன். மூணு பக்கம் முடிஞ்சிருக்கு. ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு இலை ஒட்டியிருக்கேன். இலைக்கு அம்மாயி சொல்ற பெயர் எனக்குத் தெரியும். அது சித்த மருத்துவத்துல என்ன மூலிகை, எவ்வளவு கொடுக்கலாம், எப்ப கொடுக்கவே கூடாதுன்னு எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்ல ஐந்து வருஷம் படிச்ச ஒருத்தர் வேணும்.

உங்க தோட்டத்துல இருந்து யாழ்ப்பாணத்துக்கோ திருகோணமலைக்கோ அந்தப் படிப்புக்குப் போன அக்கா, தம்பி யாராவது இருந்தா சொல்லுங்க. கொப்பியைத் தூக்கிட்டு நானே வாறேன்.